பெலக்ரின் வீட்டுச் சிரிப்புப் படம்

“நம்ம வீட்டு விஷயத்தை வெளியே சொன்னது யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். அதுவரைக்கும் யாரும் சாப்பாட்டுல கை வைக்கக் கூடாது.”

அர்மான் பெலக்ரின் கோட்டைக்கூடக் கழற்றாமல் சாப்பாட்டு மேசையின் முனையில் நின்றார். பிரான்சின் தூலோன் நகரத்துத் திரையரங்கிலிருந்து குடும்பம் அப்போதுதான் வீடு திரும்பியிருந்தது. நாடே பார்த்துச் சிரிக்கிற படம் என்று சொல்லி எல்லோரையும் அழைத்துப் போனவன் மருமகன் தியெரி. ஒரு திருட்டுக் குடும்பத்தின் கதை. தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே அர்மானுக்கு வியர்த்துவிட்டது.

நகைக்கடைச் சுவர் என்று நினைத்து ஓட்டை போட்டு, கறிக்கடையின் குளிர் அறைக்குள் போய் விழுந்தவர் அவர்தான். வைன் லாரி என்று கடத்தி வந்து, திறந்து பார்த்தால் அத்தனையும் வினிகர். அதுவும் அவர்தான். படத்தில் பெயர்கள் மட்டும் வேறு. தெருமுனைத் தொலைபேசியில் கணவன் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொல்ல, “தங்கம் வரும்னு கழுத்தை நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன், நீ பன்றித் தொடையோட வர்றியா?” என்று மனைவி கேட்டதும் அரங்கமே அதிர்ந்தது. அர்மானின் மனைவி ஒதில் அன்றைக்குச் சொன்ன வார்த்தைகள், ஓர் எழுத்து மாறாமல்.

முதல் சந்தேகம் மருமகன் மேல்தான். இரண்டு கோப்பை உள்ளே போனால் அவனுக்கு நாக்கு நிற்காது. தியெரி பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தான். மகள் சில்வெத்துக்குக் கோபம் வந்துவிட்டது. காப்பிக் கடையில் உட்கார்ந்து பீற்றிக்கொள்வது அப்பாதானே என்று கேட்டாள். அர்மான் அவளையும் விடவில்லை. யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்று ஒவ்வொருவராக விசாரித்தார். மாலை முழுவதும் அதிலேயே போயிற்று.

“இருபது வருஷமா போலீஸ் இந்த வீட்டுப் படியை மிதிச்சதில்லே. எதனாலே? என் மூளையாலே. அதை உங்கள்ல ஒருத்தர் சினிமாக்காரனுக்கு வித்துட்டீங்க.”

“உன் மூளையைப் பத்தி அப்புறம் பேசலாம்,” என்றாள் ஒதில். “கறி ஆறிப்போய் மறுபடியும் சூடு பண்ணியாச்சு. இனிமே என்னால ஆகாது.”

மறுநாள் படக்கதையை எழுதியவரின் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தார்கள். பக்கத்து ஊர்தான். தனியாக விட்டால் இந்த மனுஷன் வேறு யார் வீட்டுக் கதவையாவது உடைத்து வைப்பார் என்று ஒதிலும் கூடவே கிளம்பினாள்.

தக்காளிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். காலில் வீட்டுச் செருப்பு. வழியெல்லாம் மிரட்டலை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த அர்மானுக்கு, அவரைப் பார்த்ததும் பாதி மறந்துபோனது.

“அந்தப் படத்தை எழுதினது நீங்கதானே? எங்க வீட்டு விஷயத்தை உங்களுக்கு யார் சொன்னது?”

பெரியவர் கண்களை மூடிக்கொண்டார். “இன்னொரு தடவை பேசுங்க,” என்றார்.

அர்மான் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் கேட்டார். பெரியவரின் முகம் மலர்ந்துவிட்டது.

“முசியே பெலக்ரின்! உள்ளே வாங்க. மதாம் ஒதில், முழங்கால் வலி தேவலையா? தங்கச்சிகிட்ட சொல்லிக்கிட்டிருந்தீங்களே.”

ஒதில் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஓய்வு பெறும்வரை போலீஸில் இருந்ததாகப் பெரியவர் சொன்னார். காதில் கருவியை மாட்டிக்கொண்டு பெலக்ரின் வீட்டுத் தொலைபேசியை ஒட்டுக்கேட்பதுதான் பல வருஷமாக அவருடைய வேலை.

அர்மான் ஓரடி முன்னால் வந்தார். “எல்லாம் தெரிஞ்சும் ஏன் எங்களைப் பிடிக்கலே?”

பெரியவர் சங்கடத்துடன் தலையைச் சொறிந்தார்.

“பிடிக்கணும்னு நானும் எத்தனையோ தடவை எழுதிக் கொடுத்தேன் முசியே. எங்க மேலதிகாரிதான் கேக்கலே. புகார் கொடுக்க வந்தவங்களுக்கெல்லாம் கைக்காசைக் கொடுத்துத் திருப்பி அனுப்பிட்டு, ‘இவங்களை உள்ளே தள்ளிட்டா நாளையிலேருந்து நாம எதைக் கேட்டுச் சிரிக்கிறது’ன்னுட்டார்.”