தொண்டைக்கு ஓய்வு

அது ஆனி மாதமா ஆடியா என்பது உறுதியாக நினைவில் இல்லை. காற்று அடித்துக்கொண்டிருந்ததாகத்தான் தோன்றுகிறது. கிளினிக்கின் மின்விசிறியாகவும் இருந்திருக்கலாம்.

அவர் சுவரோரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முறை வரவில்லை.

தொண்டையிலிருந்து சத்தம் வருவது நின்றுபோயிருந்தது.

எப்போது நின்றது என்று அவருக்கே தெரியாது. பால் பாக்கெட் கதவுக் கொக்கியில் மாட்டிய பையில் வந்து விழுந்துவிடும். கேஸ் சிலிண்டருக்குச் செல்போனில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். மனைவி போன பிறகு, அந்த மூன்றாம் மாடி வீட்டில் வாய் திறந்தாக வேண்டிய காரியம் ஒன்றும் வரவில்லை.

ஓசூரிலிருந்து மகள் கூப்பிட்டபோதுதான் தெரிந்தது.

அவர் பேசினார். காற்றுதான் வந்தது.

“அப்பா? கேக்கலப்பா. சிக்னல் இல்ல போல. அப்புறம் கூப்பிடுதேன்.”

அடுத்த வாரமும் அவளுக்குச் சிக்னல் இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை.

இப்படியே போனால் அவள் கூப்பிடுவதை விட்டுவிடுவாள். அந்தப் பயம்தான் அவரைப் பாளையங்கோட்டை வரை, இந்தக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம், பஸ் ஏற்றி விட்டிருந்தது.

பக்கத்து நாற்காலிக்காரர் இரண்டு காதிலும் பஞ்சு வைத்திருந்தார். வெகுநேரமாக யாராவது அகப்படுவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தவர்.

“அண்ணாச்சிக்கு எந்தக் காது?”

அவர் தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

“எனக்கு ரெண்டும் போச்சு. வீட்டுக்காரி ஏசுறது மட்டும் கேட்டுருது பாத்துக்கிடுங்க. அதுக்கு மருந்து கேக்கத்தான் வந்திருக்கேன்.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கொஞ்சம் சத்தமும் வந்தது.

அவர் திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

“என்ன ஜோலி பாத்தீய?”

“கண்டக்டர்.”

“சத்தமாச் சொல்லும்வே. செவிடன்லா உக்காந்திருக்கேன்.”

“கண்டக்டர். தென்காசி ரூட்டு.”

வறண்ட சத்தம். துருப்பிடித்த தாழ்ப்பாளை இழுத்தது மாதிரி. ஆனால் சத்தம். எதிரே உட்கார்ந்திருந்த பெண்கூட நிமிர்ந்து பார்த்தாள்.

பஞ்சுக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. “அப்போ ஊரு பேரெல்லாம் சொல்லிக் கூப்பிடும், கேப்போம்.”

அவர் கூச்சத்துடன் சுற்றிலும் பார்த்தார். பிறகு கூப்பிட்டார்.

“பேட்டை, ஆலங்குளம், பாவூர்சத்திரம், தென்காசி.”

ஒவ்வொரு ஊருக்கும் குரல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. தென்காசி வந்தபோது, அது ஏறக்குறைய அவருடைய குரலாகவே இருந்தது.

“அசத்திட்டீருவே. ஆலங்குளத்துல தக்காளிக் கூடைய ஏத்த மாட்டேன்னு என்னைய எறக்கிவிட்டது நீருதானோ?”

“நானாத்தான் இருப்பேன்.”

“நாசமாப் போவீரு.”

இருவரும் சிரித்தார்கள். நர்ஸ் எட்டிப் பார்த்து, சத்தம் போடாதீங்க என்றாள். அவர் அதை ஒரு பாராட்டைப் போல வாங்கிக்கொண்டார். சாயந்திரமே மகளைக் கூப்பிட்டுவிட வேண்டும் என்று நினைத்தார்.

அவர் பெயரை அழைத்தார்கள்.

டாக்டருக்குச் சின்ன வயது. மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுத் திரையில் பார்த்தார்.

“என்ன வேலை பார்த்தீங்க?”

“பஸ் கண்டக்டர் சார்.”

“அதானே பார்த்தேன். காலம் பூரா கத்தியிருக்கீங்க. வோக்கல் கார்ட், அதாவது குரல் நாண், சோர்ந்து போயிருக்கு. இனி ஒரு மாசம் பேசக் கூடாது. சுத்தமா.”

“இல்ல சார், நான் யாருகிட்டயும்…”

“பார்த்தீங்களா, இப்பவே பேசுறீங்க.”

டாக்டர் அன்பாகத்தான் சொன்னார். முழங்கையைத் தட்டிக்கூடக் கொடுத்தார்.

“கிசுகிசுன்னுகூடப் பேசாதீங்க. மறுபடி வந்து காட்டுங்க. நான் சரின்னு சொன்ன பிறகு பேசினாப் போதும்.”

அவர் மறுபடி வாயைத் திறந்தார். டாக்டரின் புருவம் உயர்ந்தது. மூடிக்கொண்டார்.

அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டிருந்தார்.

எவ்வளவோ காலத்துக்குப் பிறகு ஒருவர் அவர் முகத்தைப் பார்த்து, அவர் உடம்பை நினைத்து, ஒன்று சொல்லியிருக்கிறார்.

அதை எப்படித் தட்டுவது?

வெளியே பஞ்சுக்காரர் பக்கத்து நாற்காலியில் பையை வைத்து இடம் பிடித்திருந்தார். அவரைக் கண்டதும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“வாரும். என்ன சொன்னாரு?”

அவர் உதட்டின்மேல் விரலை வைத்தார்.

“பேசக் கூடாதாமா?”

தலையசைத்தார்.

“அதுவும் சரிதான். நல்ல கொரலு. கெடுத்துக்கிடக் கூடாது.”

அதன்பின் பஞ்சுக்காரரும் பேசவில்லை. பேச முடியாதவரிடம் பேசுவது மரியாதையில்லை என்று நினைத்திருப்பார்.

 அவர் ஊருக்குப் பஸ் ஏறப் போனார்.

அந்த வாரம் மகள் கூப்பிட்டாள். மணி அடித்து ஓயும் வரை அவர் செல்போனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்துப் பேசாமல் இருந்தால் பயந்துவிடுவாள். எடுக்காமல் இருந்தால், வெளியே போயிருப்பதாக நினைத்துக்கொள்வாள்.

அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். அப்பா ஓரிடத்தில் இருப்பதில்லை என்று அவளுக்குச் சந்தோஷம்கூட.

மாதம் முடிந்து அவர் பாளையங்கோட்டை போனபோது கிளினிக்கின் ஷட்டர் இறங்கியிருந்தது. கேட்க யாரும் இல்லை. இருந்தாலும் கேட்டிருக்க மாட்டார். படியில் கொஞ்சம் நின்றுவிட்டுத் திரும்பினார்.

டாக்டர் மேற்படிப்புக்கு வெளிநாடு போய்விட்டார். அந்த இடத்தில் இப்போது மூக்குக்கண்ணாடிக் கடை. பஞ்சுக்காரருக்குக் காதில் மிஷின் பொருத்திவிட்டார்கள், எல்லாம் கேட்கிறதாம். மகள் ஓசூரில் நன்றாக இருக்கிறாள். கூப்பிடுவதில்லை. காலையில் அப்பாவுக்கு ஒரு பூப்படம் அனுப்பிவிடுகிறாள்.

அவர் அதே வீட்டில்தான் இருக்கிறார்.

பேசலாம் என்று அவரிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.