நடந்தே போகும் ஊர்

பாதிக்கு மேல் மக்கள் நடந்தே வேலைக்குப் போகும் ஊர் என்று, சுற்றுச்சூழல் விருதுக்கு எழுதிப் போட்டிருந்தார் போக்குவரத்துத் திட்ட அதிகாரி. அதைச் சரிபார்க்க வெளிநாட்டிலிருந்து நடுவர் அம்மாள் வந்து இறங்கிவிட்டார்.

மேம்பாலத்தடியில் விறுவிறுவென்று நடந்து வந்த ஆஸ்பத்திரி ஆயாவை நடுவர் நிறுத்தினார். மொழிபெயர்க்க அதிகாரியே முன்வந்தார்.

"தினமும் எவ்வளவு தூரம் நடக்கறீங்கன்னு கேக்கறாங்கம்மா."

"போக ஆறு கிலோமீட்டர், வர ஆறுங்க."

நடுவர் வாயைப் பிளந்தார்.

"இந்த நல்ல பழக்கம் யாரால வந்ததுன்னு கேக்கறாங்க."

ஆயா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்களாலதான் சார். எங்க ரூட்ல ஓடின ஒரே பஸ்ஸையும் நிறுத்தினது நீங்கதானே? மனு குடுக்க உங்க ஆபீசுக்கு எத்தனை நடை நடந்தேன்! முட்டி தேஞ்சு போச்சு. கையெழுத்துப் போட்ட அந்தக் கை நல்லா இருக்குமா?"

"என்ன சொல்கிறார்?" என்று நடுவர் ஆவலாகக் கேட்டார்.

அதிகாரி அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

"எல்லாம் என்னால்தானாம். என் கை நன்றாக இருக்க வேண்டும் என்கிறார்."

நடுவர் கண் கலங்கி, அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.