மணலின் வெள்ளை

மூன்றாவது தாளும் பிரிண்டரிலிருந்து மெல்ல இறங்குகிறது. கறுத்த கடல், சாம்பல் வானம், வெளிறிய சாய்ந்தமருதுக் கடற்கரை மணலில் ஒரு வீட்டின் எஞ்சிய அத்திவாரம். அந்த அத்திவாரத்தின் மெல்லிய கோடுகள் தெளியவேண்டுமென்றுதான் ஸ்டூடியோக்காரன் இல்ஹாம் காலையிலிருந்து மையைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருக்கிறான். படம் கேட்ட ஹோட்டல் முதலாளி தாளை ஜன்னல் வெயிலில் பிடிக்கிறார். "சண்ட முடிஞ்சி போச்சி, இனி வெள்ளக்காரன் வருவான். இந்தச் சுனாமிக் குப்பய அழிச்சிடுங்க தம்பி. மணல் பளிச்செண்டு இரிக்கட்டும்." "ஓம் ஹாஜியார்," என்கிறான் இல்ஹாம். அத்திவாரக் கோடுகளுக்குள் தன் மகள் றிப்னா கடைசியாக விளையாடிய அறையை மவுஸால் துடைக்கிறான். பிரிண்டர் மறுபடி இரைகிறது. கடலுக்குக் கறுப்பைத் தாராளமாகக் கொடுக்கிறது. வெள்ளைக்கு மை தேவையில்லை. றிப்னாவின் அறை வந்ததும் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் கடந்துபோகிறது.