பார்ட்னருக்கு நாற்காலி இல்லை

"பாத்ரூம் போகணும்னா யாரைக் கேட்டுட்டுப் போவீங்க?"

லேபர் ஆபீஸில் அவளுடைய புகாரை விசாரித்த ஆபீசர் அம்மா அவளிடம் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

அவளுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. மேஜைக்கு எதிரே இருந்த ஒரே நாற்காலியில் முதலாளி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் நின்றுகொண்டிருந்தாள். உட்காரும்படி யாரும் சொல்லவில்லை.

மூடிய கதவுக்கு வெளியே குழந்தை சிணுங்குவது கேட்டது. நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

அந்த நாத்தனார் பஸ்ஸில் ஏறியதிலிருந்து பாடம் நடத்தியிருந்தாள். "அண்ணி, உள்ள போய் நனைஞ்ச பூனை மாதிரி நிக்காதீங்க. என் வேலைய நானே பாத்துப்பேன், யாரையும் கேட்டு நடக்கிறவ இல்லன்னு கெத்தா சொல்லுங்க. கெஞ்சற பேச்சு வாயில வரவே கூடாது."

அவள் ஒரு சலவைக் கம்பெனியில் ஹோட்டல் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். பிரசவம் முடிந்து வேலைக்குத் திரும்பியதும், மத்தியானம் வீட்டுக்குப் போய்ப் பால் கொடுத்துவிட்டு ஓடி வந்துவிடுகிறேன் என்று கேட்டாள். "எதுக்கு ஓடணும்? நாளைலேர்ந்து வீட்லயே இருந்து குடு" என்றுவிட்டார் முதலாளி.

அவர் கம்பெனியில் தொழிலாளி என்று யாருமே கிடையாது. எல்லாரும் 'பார்ட்னர்'. கூட்டிப் பெருக்குகிறவர்கூட பார்ட்னர்தான். அந்தப் பேர் வந்த புதிதில் அவளும் வீட்டில் பெருமையடித்துக்கொண்டாள். போகப் போகத்தான் புரிந்தது. பார்ட்னருக்கு லீவு இல்லை. முதலாளி கட்ட வேண்டிய பி.எஃப். பங்கும் பார்ட்னர் தலையில். வேலையை விட்டு நிறுத்தினால் ஏன் என்று கேட்கிற உரிமையும் கிடையாது.

அவள் சம்பாத்தியத்தில்தான் வீடு ஓடிக்கொண்டிருந்தது. இந்த அம்மா இன்றைக்கு என்ன சொல்கிறாரோ, அதுதான் முடிவு.

"கேட்டது காதுல விழலையா?" மூக்கு நுனிக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார் அந்த அம்மா.

"என் வேலைய நானே பாத்துப்பேன் மேடம். யாரையும் கேட்டு..."

"பிரசங்கம் வேண்டாம். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. யாரைக் கேட்கணும்?"

"சாரை."

"கேட்காம போனா?"

முதலாளியே முந்திக்கொண்டார். "அரை நாள் சம்பளம் கட் மேடம். நம்மகிட்ட டிசிப்ளின் முக்கியம்."

"ரொம்பக் கண்டிப்பு போலிருக்கே."

"பின்ன? இடம் குடுத்தா தலைமேல ஏறி உக்காந்துக்குவாங்க."

அந்த அம்மா லேசாகச் சிரித்தார். சரிதான், இரண்டு பேரும் ஒரே கட்சி.

"எப்ப வரணும், எப்ப போகணும்னு முடிவு பண்றது யாரு?"

"சார்தான்."

"இஸ்திரி மெஷின் உங்க சொந்தமா?"

முதலாளி வாய்விட்டே சிரித்துவிட்டார். "இவ மாட்டிக்கிற ஏப்ரன்கூட நான் குடுத்தது மேடம்."

"ஒரு நாள் உடம்பு முடியலன்னா, உங்களுக்குப் பதிலா வேற ஆளை அனுப்பலாமா?"

"அய்யோ, சார் உள்ளயே விடமாட்டாரு."

"வேற கம்பெனிக்கும் இஸ்திரி போட்டுக் குடுக்கலாமா?"

"காலை ஒடிச்சிடுவேன்" என்றார் முதலாளி. உடனே, "சும்மா வேடிக்கைக்குச் சொன்னேன் மேடம்" என்றார்.

வெளியே சிணுங்கல் அழுகையாகிவிட்டது. அவளுக்கு மார்பு நனைந்தது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். சீக்கிரம் முடிந்தால் போதும், தோற்றே போனாலும் பரவாயில்லை.

"சார் முன்னாடி உக்காருவீங்களா?"

இதையுமா கேட்பார்கள். "மாட்டேன் மேடம்."

"மரியாதை தெரிஞ்ச பொண்ணுதான் மேடம்" என்றார் முதலாளி பெருந்தன்மையாக. "நில்லுன்னா நிப்பா. யாரோ தூண்டிவிட்டிருக்காங்க."

அந்த அம்மா எழுதி முடித்துத் தாளை அவர் பக்கம் நகர்த்தினார். "நீங்க ரெண்டு பேரும் சொன்னதைத்தான் எழுதியிருக்கேன். படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க."

"நான் சொன்னதை நானே படிக்கணுமா?" முதலாளி ஒரே இழுப்பில் போட்டார். அவளும் போட்டாள்.

"அப்ப முடிஞ்சுது மேடம், இல்லையா?"

"முடிஞ்சுது சார். நேரம் உங்க கையில, மெஷின் உங்களுது, ஏப்ரன் உங்களுது. பாத்ரூம் போகக்கூட உங்க பர்மிஷன் வேணும். சட்டத்துல இதுக்குப் பேரு பார்ட்னர் இல்ல, தொழிலாளி. இவங்களுக்குத் திரும்ப வேலை குடுக்கணும். பால் குடுக்க நேரம் விடணும். லீவு, பி.எஃப்ல உங்க பங்கு எல்லாம் உங்க பொறுப்பு. உங்க மத்த பார்ட்னர்களையும் ஒவ்வொருத்தரா கூப்பிடறேன்."

முதலாளியின் மேல் கால் மெதுவாகக் கீழே இறங்கியது. "வக்கீலைப் பாத்துட்டு வரேன்" என்று போனைத் தேடிக்கொண்டே வெளியே போனார்.

கதவு திறந்த வேகத்தில் நாத்தனார் குழந்தையோடு உள்ளே நுழைந்தாள். "கெத்தா பேசினீங்களா அண்ணி?"

அந்த அம்மா எழுந்து வந்து, காலியான நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார்.

"உக்காரும்மா. முதல்ல குழந்தையைப் பாரு. மனசு நொந்திருப்பே, எனக்குத் தெரியும். நான் உனக்கு மரியாதை குடுத்திருந்தா அவரும் போட்டி போட்டுக்கிட்டு குடுத்திருப்பாரு. அப்புறம் சட்டத்துலயும் நீ பார்ட்னரேதான்."