முதல் பெஞ்சுக் குரல்

"மதலேன் அம்மா வாய மூடி இன்னைக்குத்தான் பாக்கறேன்."

பாட்டுக்குழு செல்வாம்பாள் பக்கத்தில் நின்றவளிடம் கிசுகிசுத்தாள். கிசுகிசுப்பதாக அவள்தான் நினைத்துக்கொண்டாள். சவப்பெட்டி அருகே நின்ற மதலேனின் மகள் பெர்னதெத் வரைக்கும் அது தெளிவாக வந்து சேர்ந்தது.

பெர்னதெத்துக்குக் கோபம் வரவில்லை, வலித்தது. செல்வாம்பாள் சொன்னது பொய்யில்லையே.

உப்பளத்து மாதா கோயிலில் அம்மாவின் வாய் பிரசித்தம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்த அப்பா சீக்கிரமே கண்ணை மூடிவிட, மூன்று பிள்ளைகளை அந்த வாயை வைத்துத்தான் வளர்த்து ஆளாக்கினாள். வராத தண்ணி லாரியைத் தெருவுக்குள் கொண்டுவந்தது அந்த வாய். எதிர்வீட்டு கனீஸ் பாத்திமாவுக்குப் புயல் மழையில் இடுப்பு வலி கண்டபோது, வரமாட்டேன் என்ற ஆட்டோக்காரரை வரவைத்ததும் அதுதான். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தால்கூட "மெர்சி" என்பாள், தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரி. கல்யாணமோ சாவோ, அந்தக் குரல் கேட்டால் தெருவுக்கே ஒரு தெம்பு.

கோயிலில்தான் சங்கடம்.

முதல் பெஞ்சில், பீடத்துக்கு நேர் எதிரே அம்மா உட்காருவாள். பூசையில் அருளப்பன் சாமியார் கொஞ்சம் மூச்சு வாங்கினால் போதும், அடுத்த வார்த்தையை அம்மா சத்தமாகச் சொல்லிவிடுவாள். ஜனங்கள் சொல்ல வேண்டியதைச் சொன்னால் பரவாயில்லை. சாமியார் சொல்ல வேண்டியதையே சொல்வாள். அவரும் அவள் பின்னாலேயே போவார். பின்வரிசையில் சிரிப்பார்கள்.

போதாக்குறைக்கு, தினமும் சாயங்காலம் இடியாப்பமும் கையுமாகச் சாமியார் அறைக்குக் கிளம்பிவிடுவாள். கொஞ்ச நேரத்தில் வேதாகமம் வாசிக்கும் அவள் குரல் வெளியே கேட்கும். சாமியாருக்கே வேதம் சொல்லித் தருகிறவள் என்று பேராகிவிட்டது.

செல்வாம்பாள் ஒருமுறை நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு போய்ச் சாமியாரிடம் முறையிட்டாள். "பேசட்டும், விடுங்க" என்று சொல்லிவிட்டார். வயதான குருக்களுக்கான இல்லத்துக்கு வரச்சொல்லியும் போகாமல், முடிகிற வரைக்கும் இங்கேயே காலைப் பூசை வைக்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு இருக்கிறவர் அவர். பாவம், அவருக்கும் மதலேன் என்றால் பயம் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள்.

வாழ்க்கைப்பட்ட முதலியார்பேட்டையிலிருந்து வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் பெர்னதெத்தும் அம்மாவின் கையைக் கிள்ளியிருக்கிறாள்.

"சும்மா இரும்மா. மானம் போவுது."

"நீ கிள்ளு. நான் சொல்றத சொல்லத்தான் செய்வேன்."

இன்றைக்கு அம்மா சும்மா இருந்தாள். இந்த அடக்கப் பூசையாவது யாரும் சிரிக்காமல் முடிந்து, அம்மா மரியாதையோடு போய்ச் சேர வேண்டும். பெர்னதெத் வேண்டிக்கொண்டது அவ்வளவுதான்.

பூசையை நான்தான் வைப்பேன் என்று அருளப்பன் சாமியார் பிடிவாதமாக நின்றார். நற்செய்திக்கு லாசர் உயிர்த்தெழுந்த பகுதி. சாவுக்குச் சாவு கேட்டு எல்லோருக்கும் பாடமாகிப்போனது. சாமியார் நன்றாகத்தான் ஆரம்பித்தார். மார்த்தா ஆண்டவரை எதிர்கொண்டு போகிற இடத்தில் நின்றுவிட்டார்.

அழுகிறாரோ என்று பார்த்தார்கள். அழவில்லை. விரித்த புத்தகம் கண்ணெதிரே இருக்க, தலையைச் சாய்த்து முதல் பெஞ்சுப் பக்கம் காதைக் கொடுத்தபடி நின்றார்.

"இல்லத்துக்கு அனுப்பிட வேண்டியதுதான்" என்று பின்னால் யாரோ முனகினார்கள்.

பெர்னதெத் திரும்பிப் பார்த்தாள். முதல் பெஞ்சில் அம்மாவின் இடம் காலியாக இருந்தது. என்ன தோன்றியதோ, தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த வார்த்தையை அவளே உரக்கச் சொன்னாள்.

சாமியார் முகம் தெளிந்தது. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கடகடவென்று மேலே போனார். இன்னும் சில இடங்களில் நின்றார். அங்கெல்லாம் அவள் எடுத்துக்கொடுத்தாள்.

பூசை முடிந்ததும் படியைக் காலால் தடவித் தடவி அவர் கீழே இறங்கினார். பெர்னதெத் எதிரே போய்க் கும்பிட்டாள்.

"தோத்திரம் சாமி."

அவள் கல்யாணத்தை நடத்திவைத்தவர். கைக்கெட்டும் தூரத்தில் நின்று அவள் முகத்தையே பார்த்தார்.

"நீ யாரும்மா? கொரலு மதலேன் மாரியே இருக்குதே."

பெர்னதெத்துக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்க பொண்ணு சாமி. பெர்னதெத்."

சாமியார் குரலைத் தாழ்த்தினார். "கண்ணு போனது உங்கம்மாவுக்கு மட்டுந்தான் தெரியும். மறுநா வாசகத்த சாயங்காலமே வந்து படிச்சு, எனக்குப் பாடம் பண்ண வெச்சிடுவாங்க. காலையில எங்கனா மறந்துட்டா எடுத்துக் குடுப்பாங்க. இனிமே நானும் கெளம்பிட வேண்டியதுதாம்மா."

கிசுகிசுப்பாகத்தான் சொன்னார். பெட்டிமேல் வைக்க மாலையோடு பின்னால் வந்து நின்ற செல்வாம்பாள் வரைக்கும் அது தெளிவாகப் போய்ச் சேர்ந்தது.

கல்லறையில் எல்லாம் முடிந்து, சாயங்காலம் பெர்னதெத் அம்மாவின் வேதாகமத்தை எடுத்துக்கொண்டு சாமியார் அறைக்கு வந்தாள். அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. எப்படி வாசிக்கப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டே வந்தவள் வாசலோடு நின்றுவிட்டாள்.

உள்ளே நாளைய வாசகத்தை, அம்மாவைவிடச் சத்தமாக, செல்வாம்பாள் படித்துக்கொண்டிருந்தாள்.