ஸ்பீக்கரில் ஒரு வெட்டு

மூன்று கச்சேரிகளாக எட்வினின் பேஸ் கிட்டார் கரகரத்தது. "ஆம்ப்ளிஃபயர்ல கோளாறு இல்ல, ஒன் வெரல்லதான்" என்று குழுத் தலைவர் சிங்கராயர் எல்லார் முன்னும் சொன்னார். இருபது வருடமாக அந்த மெல்லிசைக் குழுவில் வாசிக்கும் எட்வின், சோறு பிசையும்போதுகூடத் தன் விரல்களை உற்றுப் பார்க்கத் தொடங்கினான்.

ஞாயிறு மதியம் ஒத்திகை அறையில், சிங்கராயர் ஓரமாக உட்கார்ந்திருக்க, எட்வின் வயரை மாற்றினான். வேறு கிட்டாரைச் செருகினான். கரகரப்பு போகவில்லை. ஆம்பில் ஹெட்போனை மாட்டிக் கேட்டபோது ஒலி தெளிவாக இருந்தது. அப்படியானால் ஸ்பீக்கர்தான். முன்வலையைக் கழற்றினான். உள்ளே காகிதக் கூம்பில் பிளேடால் கீறிய நேர்கோடு.

"அண்ணே, யாரோ வெட்டியிருக்காங்க."

சிங்கராயர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "நாந்தான். மேடைக்கு எளவயசு ஆளு வேணும்டே. இத்தன வருஷம் கூட இருந்தவன எப்படிப் போன்னு சொல்ல? நீயா போயிருவன்னு நெனச்சேன்."

எட்வின் கழற்றிய வலையைத் தரையில் வைத்தான்.

"தெறந்ததுதான் தெறந்துட்ட, ஒட்டிக் குடுத்துட்டுப் போ. சாயங்காலம் அந்தப் புதுப் பையன் வாரான்."

எட்வின் மெல்லிய காகிதத்தில் பசை தடவி வெட்டின்மேல் வைத்து, காயும்வரை அழுத்திப் பிடித்திருந்தான். பிறகு தடித்த தந்தியை மீட்டினான். அறை சுத்தமாக அதிர்ந்தது.

"அருமை" என்றார் சிங்கராயர். "கிட்டாரும் இங்கயே இருக்கட்டும். அவன்கிட்ட சொந்தமா இல்ல."