ஊட்டி வீடு

"மறுபடியும் வாளியைக் கிணத்துல போட்டுட்டியா? உனக்கு இருக்கறது கையா, இல்லே வெண்ணெயா?"

கஸ்தூரிரங்கன் போட்ட சத்தத்தில் கொல்லைக் காக்கைகள் எழுந்து பறந்தன.

பட்டு தலையைக் குனிந்துகொண்டாள். "கை தவறிடுத்துன்னா."

"முந்தாநாள் ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணு. இருந்ததே ரெண்டு வாளி! தொட்டியில பாதித் தண்ணிகூட இல்லே. மத்தியானம் ஸ்ரீரங்கன் சார் வரார்டி. ஆபீசரை வெந்துண்டிருக்கிற வீட்டுலயா உட்காரவைக்கறது?"

அவருடைய கவலை அவருக்கு. கிழக்குத் தாம்பரத்தில், அந்தக் கத்திரி வெயிலில், மின்விசிறி இல்லாமலே ஜில்லென்று இருந்தது அவர் வீடு ஒன்றுதான். மொட்டை மாடி முழுக்கத் தென்னங்கீற்று. ஜன்னலுக்கு ஜன்னல் வெட்டிவேர்த் தட்டி. குளித்த தண்ணீர் நேரே வாழைப் பாத்திக்குப் போய்விடும். கீற்றும் தட்டியும் காயவே கூடாது, காலையிலிருந்து ராத்திரி வரை நனைத்துக்கொண்டே இருக்கவேண்டும். தெருக்காரர்கள் 'ஊட்டி வீடு' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

மின்சார ரயிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர் தப்பித்ததில்லை. "இயற்கையோட ஒத்துப் போகணும் சார். ஒரு யூனிட் கரண்ட் செலவு கிடையாது" என்று பீச் ஸ்டேஷன் வரை விளக்குவார். தண்ணீரை இறைத்து மாடிக்குச் சுமப்பது யார் என்பதை மட்டும் விளக்கமாட்டார்.

இந்தப் பெருமையைக் கேட்டுக் கேட்டு ஆபீசரே, "ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துடறேன்" என்று சொல்லிவிட்டார். பிரமோஷனுக்குப் பெயர் அனுப்பப்போகிற சமயம். மனுஷர் விடுவாரா?

கஸ்தூரிரங்கன் ராட்டினத்தில் தொங்கிய கயிற்றை இழுத்துப் பார்த்தார். அறுந்திருந்தால் நுனி பிசிறு பிசிறாக இருக்கும். இது முழுசாக இருந்தது. முடிச்சு மட்டும் இல்லை; அது இருந்த இடத்தில் சுருக்கம்கூடக் கலையவில்லை.

"பட்டு, நீயேதான் அவிழ்த்து விட்டிருக்கே!"

அவள் கயிற்றை அவர் கையிலிருந்து வாங்கிச் சுற்றிவைத்தாள்.

"முந்தாநாளும் இப்படித்தானா?"

தலையை ஆட்டினாள்.

"தண்ணி இறைக்க அவ்வளவு சோம்பலா? ஆம்படையான் மானம் போனாலும் பரவாயில்லையா?"

"சோம்பல் இல்லேன்னா." பட்டு கிணற்றின் நடுவில் நின்ற சுவரைப் பார்த்தாள். "பக்கத்தாத்துக் குழந்தைக்கு வயத்தாலே போறது. நாம இறைச்சு முடிச்சப்புறம் அவா வாளியைப் போட்டா சேறுதான் வரது. துணி அலசக்கூட வழியில்லே. ஒரு வேளையாவது ஊறட்டுமேன்னுதான்..."

கிணறு ஒன்று, வீடு இரண்டு. சுவருக்கு இந்தப் பக்கம் இவர்கள். அந்தப் பக்கம் ரத்தினபாய் டீச்சர், அவருடைய தம்பி சாலமோன், தம்பி மனைவி பியூலா, அவர்களுடைய கைக்குழந்தை. சுவர் மேலோடு சரி, அடியில் இருந்த தண்ணீருக்குச் சுவர் ஏது?

"அதை வாயைத் திறந்து என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னேனே. மொதல்ல எழுந்துக்கறவாளுக்குத்தான் தண்ணின்னுட்டேள்."

சொன்னது ஞாபகம் வந்தது. அதனால் கோபம் இன்னும் ஏறியது.

"ஊர்க் கவலையெல்லாம் உனக்கு எதுக்கு? அவா வீட்டு மனுஷா அவாளைப் பார்த்துப்பா. நகரு, பாதாளக்கரண்டி வாங்கிண்டு வரேன்."

கிணற்றில் விழுந்ததைத் துழாவி எடுக்கிற அந்தக் கொக்கிக் கொத்து, தெருவிலேயே டீச்சர் வீட்டில்தான் இருந்தது. வேறு நாளாக இருந்தால் அவருக்கே கூசியிருக்கும். ஆபீசர் வருகிற நாளில் கூச்சம் பார்த்தால் ஆகுமா? பாதாளக்கரண்டி கேட்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு போவதில்லை. அது திரும்பி வரும்வரை ஈடாக ஒரு பாத்திரம் வைப்பது வழக்கம். ஒரு பித்தளைச் செம்பை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

டீச்சர் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை, ஆனாலும் டீச்சர் கோயிலுக்குப் போகவில்லை. கொடியிலிருந்து குழந்தைத் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்துக்கொண்டிருந்தார். குழந்தையின் அழுகைச் சத்தமே இல்லை. விருந்தாளி வருகிற நேரத்தில் அதுவும் ஒரு விதத்தில் நல்லதுதான் என்று கஸ்தூரிரங்கனுக்குத் தோன்றியது.

"டீச்சர், பாதாளக்கரண்டி வேணுமே. எங்காத்துல வாளியைப் போட்டுட்டா. ஆபீசர் வரார், தட்டியெல்லாம் காஞ்சு கிடக்கு."

டீச்சர் உள்ளே போய்க் கொண்டுவந்து கொடுத்தார்.

இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. மரியாதைக்கு ஏதாவது கேட்கவேண்டுமே.

"குழந்தை தூங்கறதா?"

"ராத்திரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம் சார். நான் மட்டும் முன்னால வந்தேன். தம்பியும் பியூலாவும் பிள்ளையை எடுத்துக்கிட்டு வந்துட்டிருக்காங்க."

"அதுக்குள்ள அனுப்பிட்டாளா? பேஷ், அப்போ கவலை விட்டது." சந்தோஷமாகவே சொன்னார். செம்பை நீட்டினார். "இந்தாங்கோ, ஈடு."

டீச்சர் செம்பை வாங்கவில்லை. குனிந்து அதற்குள்ளே பார்த்தார்.

"ஈடெல்லாம் எதுக்கு சார்? இது நிறையக் கொஞ்சம் தண்ணி குடுத்தனுப்புங்க. எங்க வாளியில சேறுதான் வருது. பிள்ளையைக் குளிப்பாட்டிப் பெட்டியில வைக்கணும்."